மேட்டூர் தண்ணி இறங்குது: பங்குனி, சித்திரையில் தூண்டில் எங்கே, எந்த ஆழத்தில்?

சேலத்துத் தக்கை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மேட்டூர் நீர்த்தேக்கத்துல பண்ணவாடிப் பக்கம், கரையிலிருந்து தூண்டில். தை வரைக்கும் 15 மீட்டர் வீசினாலே ரோகு, மிருகால் வந்துச்சு. பங்குனி பிறந்ததிலிருந்து அதே இடம், அதே மாவு, ஆனா உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை மட்டும்தான் கொத்துது. தூரத்துல கட்லா புரள்றது கண்ணுக்குத் தெரியுது, வீச்சு எட்டல.

சாமான் விவரம்: 9 அடி ராடு, 4000 ரீல், 0.35 மி.மீ. தங்கூசி நரம்பு, 6-ம் நம்பர் முள், 30 கிராம் ஈயம், இரை மைதாவும் தவிடும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். மீன் எந்த ஆழத்துக்குப் போயிருக்கும், அதைக் கரையிலிருந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெயில்ல மாவு பத்து மணிக்கே புளிச்சுக் கழண்டு போகுது, அதுக்கு என்ன வழி? அணையை விட்டுட்டுக் கீழே பூலாம்பட்டி ஆத்துப் பக்கமோ, மேலே ஒகேனக்கல் பக்கமோ போறது இந்த மாசத்துல தேவலையா?

---

பரிசல்துறை:

மீன் எங்கயும் போகலைங்க, தண்ணிதான் போயிருச்சு. தையில நீங்க போட்ட இடத்துல இப்ப யாராவது சோளமோ எள்ளோ விதைச்சிருப்பாங்க.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. அணை மட்டம் 90 அடிக்கும் 100 அடிக்கும் நடுவுல இருக்கிறப்ப ஒரு அடி தண்ணின்னா சுமார் 1.2 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கனஅடி). நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கனஅடி போனாத்தான் 1 டி.எம்.சி. குறையும். ஜனவரி 28-ஐ ஒட்டிப் பாசனத்துக்கு அடைச்சப்புறம் குடிதண்ணிக்கு மட்டும் போற காலத்துல, வெளியேத்தம் 2,000 கனஅடி, வரத்து 300-ன்னு வைங்க. வெயில் குடிக்கிறதையும் சேர்த்தா வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு அடி இறங்கும். கேட்கக் கொஞ்சமாத்தான் இருக்கும். ஆனா கரைச் சரிவு 50-க்கு 1-ன்னா, ஒரு அடி இறங்கினதும் கரை 50 அடி உள்ளே போயிரும். மாசத்துக்கு 200 அடி. போன மாசம் முட்டளவு இருந்த இடம் இப்ப வெடிச்ச மண்ணு. தினமும் பேப்பர்ல வர்ற காலை 8 மணி மட்டத்தை ஒரு நோட்டுல எழுதி வைங்க. மட்டம் எவ்வளவுங்கிறதைவிட, வாரத்துக்கு எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் நமக்கு முக்கியம்.

இறங்குற தண்ணியில ஓரத்துல தீனி கிடையாது. அலை அடிச்சு சேறு கலங்கின புதுக்கரையில புழு பூச்சி குடியேற நாளாகும், அதுக்குள்ள அந்த இடமும் காஞ்சிரும். அதனால பெரிய மீன் எல்லாம் தரை ‘படி’யா விழுற இடத்தை ஒட்டி நிக்கும். அணை கட்டி முடிச்சது 1934-ல. அதுக்கு முன்னாடி அங்க இருந்த ஊரோட வரப்பு, கிணத்து மேடு, பழைய தடம், ஆத்தோட பழைய கரை எல்லாம் தண்ணிக்குள்ள அப்படியே இருக்கு. அதுதான் படி.

கண்டுபிடிக்கிற விதம்: முள்ளைக் கழட்டிட்டு 60 கிராம் ஈயம் மட்டும் கட்டுங்க. பிரெய்டு (பின்னல் நூல்) இருந்தா நல்லது, தங்கூசி நரம்பு இழுபடும், தரை கைக்குத் தெரியாது. முழு வீச்சு வீசி, ஈயம் தண்ணியில விழுந்ததும் நரம்பைத் தளர விடாம எண்ணுங்க. தரை தட்டினதும் நரம்பு தொய்யும். அந்த எண்ணிக்கையை எழுதிக்கிட்டு ஒரு மீட்டர் இழுங்க, ராடு நுனியைத் தூக்கி மறுபடியும் விழ விட்டு எண்ணுங்க. கரை வரைக்கும் இப்படியே. எட்டு, எட்டு, எட்டுன்னு வந்துட்டு திடீர்னு அஞ்சாச்சுன்னா அங்க ஒரு மேடு. அந்த மேட்டுக்கு ஆழப் பக்கத்துல இரை கிடக்கணும். உங்க ஈயம் ஒரு எண்ணுக்கு எத்தனை அடி இறங்குதுன்னு ஆழம் தெரிஞ்ச கிணத்துல ஒரு தடவை விட்டுப் பார்த்துக்கோங்க, அப்புறம் எல்லா இடத்துக்கும் அதே கணக்குதான்.

இழுக்கிறப்ப கைக்கு வர்ற சேதியும் உண்டு. வெண்ணெயில இழுக்கிற மாதிரி கனமா வழுக்கினா சேறு. டக் டக்குனு தட்டினா சரளை, அதுதான் வேணும். பட்டுனு நின்னா கருவேலங்கட்டை, அந்த இடத்தை விட்டு நாலு மீட்டர் தள்ளிப் போடுங்க.

ஆழம்: விடியறப்ப 6 முதல் 10 அடி. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல 15, 20 அடி. கட்லாவுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அது தரை மீன் இல்லை, மேல்தண்ணியில மிதக்கிற நுண்ணுயிரை வடிகட்டித் தின்னுறது. நீங்க அடியில ஈயத்தோட போட்டு வச்சிருக்கிற இரைக்கு மேலேயே அது சுத்திக்கிட்டு இருக்கும். 25 அடி ஆழத்துலகூட தக்கை கட்டி மேல்மட்டத்துல 3 முதல் 5 அடிக்குள்ள நிறுத்தணும். காலையில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், பத்து மணி வாக்குல காத்து எழும்பும். காத்து எந்தக் கரையை அடிக்குதோ அந்தக் கரைக்கு நுண்ணுயிர் ஒதுங்கும், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு கட்லாவும் அங்க வரும். முகத்துல காத்து அடிக்கிற கரையில நின்னு வீசுறது சிரமந்தான், ஆனா எட்டாத கட்லா எட்டுறது அங்கதான்.

கடைசியா, வெடிச்சுக் காஞ்ச சேத்தை நம்பி விளிம்பு வரைக்கும் நடக்காதீங்க. மேலே ரெண்டு விரல் கனத்துக்குத்தான் காஞ்சிருக்கும், கீழே தொடை வரைக்கும் கூழு. கையில ஆறடிக் குச்சி வச்சுக் குத்திப் பார்த்துக்கிட்டே போங்க. மாட்டிக்கிட்டா நின்னு கால் இழுக்கக் கூடாது, உக்காந்து, படுத்து, உருண்டு வரணும்.

---

எட்டாம் நம்பர் முள்:

இடத்தை மேலே சொல்லியாச்சு. இரையையும், முள்ளும் ஈயமும் கட்டும் விதத்தையும் பார்ப்போம்.

மைதாவும் தவிடும் மட்டும் என்றால் கோடையில் நிற்காது. ஒரு காலைப் பொழுதுக்கு இந்த அளவு போதும்: கடலைப் புண்ணாக்கு 400 கிராம் (லேசாக வறுத்து இடித்தது), அரிசித் தவிடு 300, மைதா 200, தூள் வெல்லம் 50. இதை வீட்டிலேயே பிசைந்து எடுத்துப் போவதுதான் பாதிப் பிரச்சினை. வெல்லமும் மைதாவும் ஈரத்தோடு 35 டிகிரி வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்தால் நுரைத்துத் தளரும். உலர் மாவை அப்படியே கொண்டு போய், கால்வாசி கால்வாசியாக ஏரித் தண்ணீரிலேயே பிசையுங்கள். பிசைந்ததை ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வெந்துபோகும்.

பதம் பார்க்க ஒரு உருண்டையை முழங்கால் உயரத்திலிருந்து தட்டில் போடுங்கள், உடையக் கூடாது. அதையே வாளித் தண்ணீரில் போட்டால் எட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஓரம் உதிர்ந்து கரையத் தொடங்க வேண்டும். கரையவே இல்லையா, மைதா அதிகம். ரப்பர் மாதிரி ஆகி முள்ளை மூடிவிடும், மீன் வாயில் எடுத்தாலும் முள் ஏறாது. வீசும்போதே சிதறினால் தவிடு அதிகம்.

தூவும் தீனி விஷயத்தில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். கிலோ கணக்கில் கொட்டினால் சூட்டுத் தண்ணீரில் மிச்சம் அழுகி அந்த இடத்தின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். முதலில் எலுமிச்சை அளவில் ஐந்து உருண்டை, பிறகு அரை மணிக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

ஜிலேபித் தொல்லைக்கு மாவை மாற்றிப் பயனில்லை, அது எதையும் தின்னும். முள்ளில் மாவுக்குப் பதில் மக்காச்சோளம் போடுங்கள். 12 மணி நேரம் ஊறவைத்து 40 நிமிடம் வேகவைத்த முழு மணி, நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும், பிளக்கக் கூடாது. கொண்டைக்கடலையும் இதே பக்குவம்தான். சின்ன ஜிலேபி கொத்தும், ஆனால் வாய்க்குள் போகாது. மணியை முள்ளிலேயே குத்தாமல், முள்ளின் வளைவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் நூலில் கோத்துத் தொங்கவிட்டால் முள் நுனி வெறுமையாக இருக்கும். ரோகு இரையை உறிஞ்சிவிட்டுத் துப்பும் பழக்கமுள்ளது, துப்பும்போது உதட்டில் ஏறும்.

ரோகு, மிருகாலுக்குத் தரைக் கட்டு: 40 கிராம் ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் வளையம்), அதிலிருந்து 20 சென்டிமீட்டரில் 0.30 நரம்பு, 6-ம் நம்பர் முள். ஈயத்தை முதன்மை நரம்பில் நேராகக் கட்டாமல் 0.20 நரம்புத் துண்டில் தொங்கவிடுங்கள். கட்டையில் சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்து ஈயம் போகும், மீனும் மிச்சக் கட்டும் கைக்கு வரும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஈயம் விற்க வேண்டுமே.

கட்லாவுக்கு 20 கிராம் ஸ்பிரிங், அதைச் சுற்றி நான்கு 8-ம் நம்பர் முள், ஒவ்வொன்றும் 4 முதல் 6 சென்டிமீட்டர் பிரெய்டில். ஸ்பிரிங்கைச் சுற்றி மாவைப் பிடித்து, முட்களை மாவின் ஓரத்தில் லேசாகச் செருகினால் போதும். கட்லா உருண்டையைக் கடிக்காது, கரைந்து வரும் புகையை உறிஞ்சும், அதோடு முள்ளும் போகும். தக்கை அமிழ்வதற்காகக் காத்திராதீர்கள். பல சமயம் தக்கை ஒரு பக்கம் சாய்ந்து நகரும், இல்லையென்றால் எழும்பிப் படுக்கும், அதுவே எடுப்பு. வெட்டி இழுக்கவும் கூடாது, வாய் மெலிது, கிழியும். ராடை ஓரமாகச் சாய்த்து நரம்பை இறுக்கினாலே ஏறிவிடும்.

டிராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கையால் இழுத்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று விடுவது தப்பு. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் நரம்பைக் கோத்து இழுத்து, 1.5 கிலோவில் சுற்றி விடுமாறு வையுங்கள். 0.35 நரம்புக்கு அது தாராளம். போன வருட நரம்பாக இருந்தால் மேலே 30 மீட்டரை வெட்டி எறியுங்கள். வெயில் பட்ட தங்கூசி வெளியே பளபளப்பாகவே இருக்கும், முடிச்சில்தான் போகும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள்.

---

ஏழாம் மடை:

பரிசல்துறை அண்ணா சொன்ன 15, 20 அடி எல்லா வருஷமும் சரிப்படாது. தண்ணி பச்சைப் படலம் கட்டி நாத்தம் வர்ற காலத்துல கீழ்த்தண்ணியில ஆக்சிஜன் இருக்காது. 30 டிகிரி தண்ணியில முழுசாக் கரைஞ்சாலே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். பாசி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே உறிஞ்சும். அழுகி அடியில படியிற பாசி மிச்சத்தையும் காலி பண்ணும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வேலை: ஆழம் பார்க்கிற ஈயத்தோட அடியில குளியல் சோப்பை அழுத்தித் தேய்ச்சு அப்பிக்கோங்க. தரையில விட்டுத் தூக்கினா அடிமண்ணு ஒட்டிக்கிட்டு வரும். பழுப்போ சாம்பலோ இருந்து மண்வாசம் அடிச்சா அங்க மீன் மேயும். கருப்பா வந்து அழுகின முட்டை நாத்தம் அடிச்சா அந்த ஆழத்துல ஒண்ணும் இருக்காது, பத்தடிக்கு மேலே ஏறி வாங்க. சரளைன்னா பொடிக்கல் ஒட்டும், அதுவும் தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, படலம் கட்டின கரையில விடியக்காலம் போறதும் வீண். ராத்திரி முழுக்க மூச்சு முட்டின மீன் விடியறப்ப தீனி எடுக்காது. அங்க எட்டரை, ஒன்பது மணிக்கு மேலதான் அசையும். தெளிஞ்ச தண்ணிக் கரைன்னா விடியறதுதான் நேரம்.

---

பரிசல்துறை:

அது சரிங்க. நான் சொன்ன கணக்கு தெளிஞ்ச தண்ணிக்கு. பச்சை கட்டினா ஏழாம் மடை சொல்றதை எடுத்துக்கோங்க. சோப்பு யோசனை நல்லாருக்கு, வாசனை இல்லாத சோப்பா இருக்கட்டும். நாத்தம் பிடிபடணும்ல.

---

கதவணைக்காரன்:

கீழ் ஆறு பத்தி நான் சொல்றேனுங்க. மேட்டூருக்குக் கீழே காவிரி இப்ப ஓடுற ஆறு இல்லை, படிக்கட்டு மாதிரி அடுக்கி வச்ச குளம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணை. பூலாம்பட்டியில நீங்க பார்க்கிறது நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கி வச்ச தண்ணி. அதனால அணை மட்டம் இறங்கினாலும் இங்க கரை அவ்வளவா நகராது. தையில கண்ட இடம் சித்திரையிலும் கிட்டத்தட்ட அதே ஆழத்துல இருக்கும். இடம் தேடி அலைய நேரமில்லாதவங்களுக்கு இந்த மாசத்துல ஆறுதான் லாபம்.

ஆனா ஆகாயத்தாமரை. படுகை ஓரம் முழுக்கப் பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். அதுக்கடியில வெளிச்சமும் இல்லை, காத்தும் இல்லை, கெண்டை வகை அங்க தங்காது. பாயோட வெளி விளிம்பிலிருந்து ஒரு பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) தள்ளி இரை விழணும். விராலுக்கு அந்தக் கவலை இல்லை, அது மேலே வந்து காத்து குடிக்கிற மீனு. பாய்க்கு நடுவுல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, தட்டு அளவு, அங்கதான் மூச்சு விட வரும். பஞ்சு மாதிரி அமுங்குற ரப்பர் தவளையை இலை மேலேயே இழுத்து அந்த ஓட்டையில நிறுத்தி மூணு எண்ணுங்க. அடிச்சதும் இழுத்தீங்கன்னா தவளைதான் திரும்பி வரும். ரெண்டு விநாடி பொறுத்து, நரம்பு நகர்றது தெரிஞ்சப்புறம் பலமா வெட்டணும். இதுக்குத் தங்கூசி ஆகாது, 40 பவுண்டு பிரெய்டு, கட்டையான ராடு. இலைக்குள்ள தலையைத் திருப்ப விட்டா முடிஞ்சுது. நிஜத் தவளையைக் கோக்கிற பழக்கத்தை விட்டுருங்க.

செவ்வட்டம் மாதிரி குஞ்சுக் கூட்டம் மேலே கொதிச்சுக்கிட்டுப் போனா தாய்விரால் அடியிலேயே இருக்கும். எது போட்டாலும் கோவத்துல அடிக்கும், அதனாலதான் ‘ஈஸியா விழுது’ன்னு சொல்றாங்க. அதைப் பிடிச்சா அந்த நூத்துக்கணக்கான குஞ்சு அன்னிக்கே ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் போயிரும். விட்டுட்டுப் போங்க.

ராத்திரி கெளுத்தி, வாளை. கதவணைக்குக் கீழே மின்நிலையம் ஓடுறப்ப தண்ணி நுரைச்சு வர்ற இடத்துல ஆக்சிஜன் அதிகம், கோடையில மீன் அங்க கூடும். அதுக்காக வேலிக்குள்ள போகாதீங்க. தடை போட்டிருக்கிற எல்லைக்கு வெளியே, நுரை அடங்கி தண்ணி சுழல்ற ஓரம் போதும். கெளுத்திக்கு 2-ம் நம்பர் முள்ளுல கொத்து மண்புழு. வாளைக்கு 1/0 முள்ளு, விரல் நீள கெண்டை, முள்ளுக்கு மேலே ஒரு அடி 80 பவுண்டு நரம்பு. வாளைப் பல்லு வெட்டாது, உப்புத்தாள் மாதிரி தேய்ச்சே அறுக்கும். கோழிக்குடல் போட்டா ஆப்பிரிக்கக் கெளுத்திதான் முதல்ல வரும். வந்தா ஆத்துல திரும்ப விடாதீங்க, வளர்க்கவே தடை போட்ட மீனு.

கதவு எப்பத் திறக்கும்னு மழையைப் பார்த்துச் சொல்ல முடியாது, மின்சாரத் தேவைக்கும் திறப்பாங்க. தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டு வைங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு சாண் ஏறுச்சுன்னா சாமானைப் பத்தி யோசிக்காம மேலே ஏறிருங்க. நடு ஆத்துப் பாறையில உக்காந்து போடுறது அறவே கூடாது.

பள்ளிபாளையத்துக்குக் கீழே பிடிக்கிறதைச் சமைக்காதீங்க. சாயக்கழிவு.

---

சேலத்துத் தக்கை:

ரொம்ப நன்றிங்க. படி தேடுற வேலையை இந்த ஞாயிறே பார்க்கணும். ரெண்டு சந்தேகம் பாக்கி. கோடை மழை பெய்ஞ்ச மறுநாள் போறது நல்லதா கெட்டதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒகேனக்கல் பத்தி யாரும் சொல்லலையே?

---

அடிப்பாலாறு:

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், மழை எங்கே பெய்தது என்று யாரும் கேட்பதில்லை.

நீர்த்தேக்கத்தின் மேலேயே சூறைக்காற்றோடு பெய்தால் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும், அடியில் கிடந்த ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலே புரளும். மறுநாள் காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கும், சில சமயம் செத்தும் ஒதுங்கும். புதிதாக வருகிறவர்கள் ‘மீன் கூட்டமாக மேயுது’ என்று நினைத்து அங்கேயே அரை நாள் வீசுவார்கள். ஒன்றும் எடுக்காது. இரண்டு, மூன்று நாள் விட்டுவிடுங்கள். ஒதுங்கிய மீனை எடுக்கவும் வேண்டாம்.

மலையில் பெய்து ஓடைகள் வழியாக வந்தால் கதை வேறு. மேற்கிலிருந்து பாலாறு (வேலூர்ப் பாலாறு அல்ல, மாதேஸ்வரன் மலைப் பக்கமிருந்து வருவது), கிழக்கிலிருந்து தொப்பையாறு, மேலே ஒகேனக்கல்லில் சின்னாறு. செந்தண்ணீர் நுழையும் முகத்தில், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் இடத்தில் கத்தியால் கிழித்தது போல ஒரு கோடு தெரியும். மிருகால், கெளுத்தி, ஆரால் எல்லாம் அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில் நின்றுகொண்டு, அடித்து வரும் புழுவை எடுக்கும். முழுக் கலங்கலுக்குள் போட்டால் வீண், கெளுத்தியைத் தவிர எதுவும் இரையைக் கண்டுகொள்ளாது. அன்றைக்கு மக்காச்சோளம் வேண்டாம், மண்புழு. முள் நிறைய மூன்று நான்கு புழுவைக் கோத்து வால்கள் தொங்கும்படி விடுங்கள். கோடு நகரும் என்பதால் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, அரை மணிக்கு ஒரு முறை பார்த்து இடம் மாற்ற வேண்டும். இது ஒன்றிரண்டு நாள் கூத்து, அப்புறம் வண்டல் படிந்து ஏரி முழுக்க ஒரே நிறமாகிவிடும்.

வரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள பிலிகுண்டுலு அளவைப் பாருங்கள், மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளக்கிறது. சில நூறு கனஅடியாகக் கிடந்தது ஒரே நாளில் ஆயிரங்களில் ஏறினால் அது மேட்டூர் முகத்துக்கும் வருகிறது என்று பொருள்.

ஒகேனக்கல்: போக வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பகுதிக் காடுகளில் பெரும்பகுதி சரணாலயம், காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. உள்ளே தூண்டில் போட முடியாது. எதிர்க்கரை பல இடங்களில் கர்நாடகம், அங்கும் காடு. முதலை உண்டு. மாசி முதல் சித்திரை வரை அவை மணலில் முட்டையிட்டுக் காவல் இருக்கும் பருவம், அதாவது நீங்கள் கேட்கிற அதே மாதங்கள். இதற்கு மேல் காவிரிக்கே உரிய திமில் மகசீர் மீன் அங்கே இருக்கிறது, 2018 முதல் உலகச் செம்பட்டியலில் மிக அருகிவிட்ட இனம். கோடையில் ஆறு வற்றி மடுக்களாகச் சுருங்கும்போது அவை தப்பிக்க வழியில்லாமல் ஒரே மடுவில் அடைபட்டுக் கிடக்கும். ‘பிடித்து விட்டுவிடுவேன்’ என்பதும் இந்தச் சூட்டில் நடக்காது. பத்து நிமிடம் போராடிய மகசீரை 30 டிகிரி தண்ணீரில் விட்டால் அது நீந்திப் போவதைப் பார்ப்பீர்கள், பிழைத்ததா என்பது தெரியாது.

மடுவில் வெடித் தோட்டா போடுகிறவர்களும் விஷம் கலக்குகிறவர்களும் இந்த மாதங்களில்தான் கிளம்புவார்கள். 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே அது குற்றம். கண்டால் தள்ளி நின்று தகவல் சொல்லுங்கள், நேரில் போய்ப் பேசாதீர்கள்.

---

எட்டாம் நம்பர் முள்:

கெளுத்தி பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள்ளும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். துணி போட்டு அமுக்குவதால் பயனில்லை, துணியோடு குத்தும். மூக்கு இடுக்கியால் தூண்டில் முள்ளைப் பிடித்துத் தொங்கவிட்டே கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையை வைத்தால் கடுப்பு இறங்கும். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, அதனால் நல்ல கையை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே முள் ஒடிந்திருந்தால் மருத்துவமனைதான், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டு போவது டீக்கு மட்டுமல்ல.

பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து ஓரத் தண்ணீரில் விடுவது மார்கழிக்குச் சரி. இப்போது ஓரத் தண்ணீர் மதியம் 32 டிகிரி, அதில் செத்த மீன் ஒரு மணி நேரத்தில் வயிறு இளகிவிடும். கட்லாவுக்கு இன்னும் சீக்கிரம், குடல் நிறையப் பாசி. பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் வடித்து, குடலை எடுத்து, மீன் எடைக்குச் சம எடை உடைத்த ஐஸில் புதையுங்கள். முழுக்கட்டி ஐஸ் மீனைத் தொடும் இடத்தில் மட்டும்தான் குளிரும்.

---

சேலத்துத் தக்கை:

அப்ப ஒகேனக்கல் இல்லை. பண்ணவாடியில படி தூரமா இருந்து வீச்சு எட்டலைன்னா, நாகமரைக்குப் போற பரிசல்காரங்ககிட்டப் பேசி உள்ளே போய்ப் போடலாமா?

---

பரிசல்துறை:

அக்கரைக்குப் போற பரிசலை நடுவுல நிறுத்தச் சொல்லாதீங்க, அது சவாரி. மீன்பிடி உரிமம் வச்சிருக்கிறவர் பரிசல்ல, அவர் கூட வர்றதா இருந்தா மட்டும் போங்க, தூண்டில் போட உங்ககிட்ட இருக்கிற அனுமதிச் சீட்டு அதுக்குச் செல்லுமான்னு மீன்வளத் துறையில கேட்டுக்கிட்டு. உடுப்பு மிதவை (லைஃப் ஜாக்கெட்) கட்டாயம்.

பரிசல்ல ராடு ஆறடி போதும், ஒன்பதடி இடிக்கும். உக்காந்துதான் வீசணும், தலைக்கு மேலே இல்லை, பக்கவாட்டுல. ரெண்டு பேருன்னா எதிரெதிரா உக்காருங்க, மீன் ஏறினதும் ரெண்டு பேரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தா கவுந்துரும். நங்கூரத்துக்கு ஆழத்தைப் போல மூணு மடங்கு கயிறு விட்டு, கல்லுக்குப் பதிலா மணல் மூட்டை கட்டுங்க, கல்லு கட்டையில சிக்கும். முதல்ல ஓரத்துல பழகிட்டு அப்புறம் உள்ளே.

பாட்டில் மிதக்கிற வரிசை தெரிஞ்சா அது செவுள் வலை. சாயங்காலம் விட்டு விடியறப்ப எடுப்பாங்க. அதுக்கு முப்பது மீட்டருக்குள்ள வீசாதீங்க, வலையில முள்ளு சிக்கினா நரம்பை வெட்டிட்டு அவர்கிட்டப் போய்ச் சொல்லிருங்க.

பத்து மணிக்குக் காத்து எழும்பும்னு மேலே சொன்னேன்ல, அது கரைக்கு நல்லது, பரிசலுக்கு ஆகாது. வைகாசி நெருங்க நெருங்க மேக்காத்து இன்னும் முன்னாடியே வரும். தண்ணியில முதல் சுருக்கம் விழுந்ததுமே மூட்டையைத் தூக்கிருங்க.